ஜமைக்கக் குரலின் வேர் தேவாலயத்திலும் முரசடியிலுமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஜமைக்காவின் ரெக்கே இசையிலும், அதிலிருந்து கிளைத்த நடன இசையான டான்ஸ்ஹாலிலும் பாடுவோரின் குரலை வளர்த்தது அமெரிக்க வானொலியா, ஜமைக்க மண்ணின் வழிபாடும் முரசுமா என்பது இன்றைய தலைப்பு. மண்ணே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 1950களில் மயாமியிலிருந்தும் நியூ ஓர்லியன்ஸிலிருந்தும் வந்த வானொலிப் பாடல்களைக் கேட்டே தலைநகர் கிங்ஸ்டனின் இளைஞர்கள் பாடக் கற்றார்கள் என்றும், பாப் மார்லியின் வெயிலர்ஸ் குழு அமெரிக்காவின் இம்ப்ரெஷன்ஸ் குழுவைப் பின்பற்றியது என்றும் சொன்னார். வானொலியின் செல்வாக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் இம்ப்ரெஷன்ஸ் குழுவின் கர்ட்டிஸ் மேஃபீல்டு எங்கே பாடக் கற்றார்? சிகாகோவில், தம் பாட்டி போதகராக இருந்த சபையில். கடல் கடந்து வந்த அந்தக் குரல் கிங்ஸ்டனில் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதன் உடன்பிறப்பான குரல் அங்கே ஏற்கெனவே வாரந்தோறும் ஒலித்துக்கொண்டிருந்ததுதான்.

ரெக்கே பாடகர் டூட்ஸ் ஹிபர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் கிளாரண்டன் மாவட்டத்தின் மே பென் ஊரில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் போதகர்கள். சிறுவயதில் அவர் பாடியது சபையின் பாடகர் குழுவில். ரெக்கே என்ற பெயரையே 1968இல் முதன்முதலாகப் பாட்டில் ஏற்றியவர் அவர். அதே ஆண்டு அவர் பாடிய '54-46' பாடலைக் கேட்டுப்பாருங்கள். ஒருமுறை கொடு என்பார், இசைக்குழு ஒருமுறை அடிக்கும்; இருமுறை என்பார், இருமுறை அடிக்கும்; நான்குவரை அந்த எண்ணிக்கை ஏறும். போதகர் அழைக்கச் சபை மறுமொழி கூறும் வழக்கம் அப்படியே இசைத்தட்டில் இறங்கியிருக்கிறது. கட்டைக் குரலில் உறுமி, சட்டென்று உச்சத்துக்குத் தாவி அழைக்கும் அந்த முறையை வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கற்க முடியாது; மறுமொழி சொல்லக் கூட்டம் வேண்டும்.

தேவாலயமே வெள்ளையர் கொண்டுவந்ததுதானே என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அடிமைத்தளை 1838இல் முற்றிலும் அறுந்த பிறகு, 1860-61இல் தீவெங்கும் பரவிய சமய எழுச்சியில் மக்கள் அந்த வழிபாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள். 'ரிவைவல்' என்று பெயர்பெற்ற அந்தச் சபைகளில், மிஷனரிகளின் பாட்டுப் புத்தகத்திலுள்ள அடிகளைத் தலைவர் முதலில் சொல்லிக்கொடுக்க, கூட்டம் முரசோடும் கைதட்டலோடும் அவற்றைப் பாடுகிறது. அருள் ஏறும்போது சொற்கள் நின்றுவிடுகின்றன. முன்குனிந்து நடந்தபடியே மூச்சை அறுத்தறுத்து இழுத்துவிடுகிறார்கள். மூச்சே அங்கு தாளக் கருவியாகிறது. எந்த மிஷனரியும் அதைக் கற்பிக்கவில்லை.

குமினாவும் அப்படியே. விடுதலைக்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக வந்த காங்கோ மக்கள் செயின்ட் தாமஸ் மாவட்டத்தில் காத்துவந்த வழிபாடு அது. முரசைப் படுக்கவைத்து அதன்மேல் அமர்ந்து அடிப்பவர், குதிகாலால் தோலை அழுத்திச் சுருதியை மாற்றுவார். பின்னால் இருப்பவர் குச்சிகளால் முரசின் உடலில் தட்டுவார். இத்தகைய முரசுகளிலிருந்தே, ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தபாரி சமயத்தினரின் வழிபாட்டு முரசான நையாபிங்கி வளர்ந்தது. முரசுக் கலைஞர் கவுண்ட் ஒசியின் நையாபிங்கிக் குழு முரசடிக்க, ஃபோக்ஸ் சகோதரர்கள் 1960இல் 'ஓ கரோலைனா' என்ற பாடலைப் பதிவுசெய்தார்கள். 1993இல் டான்ஸ்ஹால் பாடகர் ஷாகி அதையே மீண்டும் பாடிப் பிரிட்டனில் முதலிடம் பெற்றார்.

டான்ஸ்ஹால் கணினியில் பிறந்தது, அதற்கேது வேர் என்றும் எதிரணி கேட்டது. 1985இல் டான்ஸ்ஹால் பாடகர் வெய்ன் ஸ்மித்தின் பாடல் ஒன்று ஒரு சிறிய கேசியோ இசைப்பலகையிலிருந்த ஆயத்தத் தாளத்தில் எழுந்தது உண்மை. ஆனால் அதே மின்கருவிகளில் ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்க இசையமைப்பாளர் இருவரும் சில ஆண்டுகளிலேயே எதை ஏற்றினார்கள்? ரிவைவலின் ஒரு கிளையான போக்கோமேனியாவின் தாளத்தை. 'போக்கோ மேன் ஜாம்' என்று அதன் பெயரிலேயே தாளம் வந்தது. டான்ஸ்ஹால் பாடகர் ஷாபா ராங்க்ஸின் 'டெம் போ' பாடலும் அத்தகைய தாளத்தின்மேல்தான் எழுந்தது. ரெகெட்டான் என்ற ஸ்பானிய மொழி நடன இசையின் அடித்தாளம் இன்றும் அந்தப் பாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இயந்திரம் வெளிநாட்டினுடையது, அதில் ஓடிய தாளம் சபையினுடையது.

இன்னொருவரை மட்டும் சொல்கிறேன். ஸ்பானிஷ் டவுனில் 2000ஆம் ஆண்டு பிறந்த காஃபி என்ற பாடகி, 2020இல் சிறந்த ரெக்கே இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்றார். அவரும் பாடத் தொடங்கியது தேவாலயப் பாடகர் குழுவில்தான். எதிரணி கொண்டாடும் அந்த வானொலிக் காலம் முடிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த இந்தக் குரலுக்கு எந்த வானொலி நிலையத்தைக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, தீர்ப்பை நடுவரிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.