தடைக்காலத்திலும் தூக்கம் தீரவில்லையா? ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

[காட்சி: பாம்பன் கரை, காலை நேரம். வரிசையாக நங்கூரமிட்ட விசைப்படகுகள். குரல் மட்டும்.]

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நம் பக்கத்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் என் தாய்மாமா வீட்டில்தான் தூங்கினார். அவர் போட் டிரைவர். இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஆறுக்கு எழுந்திருப்பார், எட்டரை மணி நேரத் தூக்கம். அப்படியும் பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடும். கையில் டீ கிளாஸ் இருக்கும்.

கடலுக்குப் போகிற நாட்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க வீல் பிடித்து நின்றுவிட்டு வருகிற மனுசனுக்குப் பகலில் தூக்கம் வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். தடைக்காலத்திலும் அப்படியே இருக்கிறாரே என்று முதலில் கவனித்தது அத்தைதான். அதனால்தான் இந்த வீடியோவை இந்த நேரத்தில் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் நன்றாகத் தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் தீராமல் இருந்தால், காரணம் வேலைக் களைப்பாக இல்லாமல் தூக்கத்துக்குள்ளேயே இருக்கலாம்.

[காட்சி: தொண்டையின் பக்கவாட்டுப் படம். நாக்கு பின்னால் சரிவது மெதுவாகத் தெரிய வேண்டும்.]

ஸ்லீப் ஆப்னியா என்றால் தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்று நின்று வருவது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக நின்று மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளரும், எல்லோருக்கும்தான். சிலருக்கு அந்த வழி ஏற்கெனவே குறுகலாக இருப்பதால் தளர்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. கழுத்தில் கொழுப்பு, சின்னத் தாடை, பெரிய டான்சில், எதுவானாலும் காரணமாகலாம். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது.

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூச்சை அடக்கி இறங்கியவர் மேலே வந்ததும் இழுக்கிற அந்த முதல் மூச்சின் சத்தம் காதில் இருக்கிறதா? மாமா படுக்கையில் அப்படித்தான் இழுப்பார். ஆனால் சங்கு குளிக்கிறவர் தெரிந்தே மூச்சை அடக்குகிறார், எப்போது மேலே வர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு நொடி எழுப்பி விடுகிறது, தொண்டை திறக்கிறது, ஒரு பெரிய மூச்சு, மறுபடி தூக்கம். காலையில் கேட்டால் "நான் அசையாமல் தூங்கினேனே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நினைவில் நிற்கிற அளவுக்கு அந்த விழிப்பு நீள்வதில்லை.

10 நொடியாவது மூச்சு தடைபட்டால்தான் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். முழுதாக நிற்பதும், பாதி அடைபட்டு ஆக்சிஜன் குறைவதும் இரண்டும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 என்றால் எட்டு மணி நேரத்தில் 240 தடவை. ஒரே ராத்திரியில் ஒருவரை 240 தடவை தட்டி எழுப்பினால் மறுநாள் அவர் எப்படி இருப்பாரோ, அதுதான் மாமா டீக்கடையில் இருந்த நிலை.

[காட்சி: இருட்டறை. அலைபேசித் திரையில் ஒலிப்பதிவு ஓடுகிறது.]

சரி, வீட்டிலேயே எப்படிச் சந்தேகப்படுவது?

முதலில் குறட்டை. "குறட்டை விட்டுத் தூங்குறான், அசதி, நல்ல தூக்கம்" என்று நாம் சொல்லிச் சொல்லியே இதை மறைத்துவிட்டோம். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் கிடையாது. குறட்டையை விட அதன் நடுவில் வருகிற அமைதியைக் கவனியுங்கள். சத்தமாகப் போய்க்கொண்டிருந்த குறட்டை சட்டென்று நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து, அப்புறம் திணறுகிற மாதிரி, தொண்டை அடைத்து விடுபடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி தொடங்கினால் அது சந்தேகப்பட வேண்டிய குறட்டை.

படுக்கும்போது அலைபேசியைத் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு போட்டு விடுங்கள். தூங்கின முதல் அரை மணி நேரத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று விடாதீர்கள். கனவு வருகிற தூக்கத்தில் தசைகள் இன்னும் அதிகமாகத் தளரும், அந்தத் தூக்கம் விடியப்போகும் நேரத்தில்தான் அதிகம். அதனால் மூன்று மணிக்கு மேல் உள்ள பகுதியைக் கேளுங்கள். மல்லாந்து படுக்கும்போதும் குடித்துவிட்டுப் படுக்கும்போதும் இது கூடும், அதையும் குறித்து வையுங்கள். படகில் பக்கத்தில் படுக்கிற ஆட்களையும் கேளுங்கள். மாமா விஷயத்தில் கூட வந்த ஒரு தம்பி, "அண்ணனுக்கு மூச்சு நின்னுரும், நான் ரெண்டு தடவை உலுக்கி எழுப்பியிருக்கேன்" என்று பிறகுதான் சொன்னான். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறான். தயவுசெய்து தயங்காதீர்கள்.

அடுத்தது பகல். களைப்பு வேறு, தூக்கம் சொருகுவது வேறு. வலை இழுத்துவிட்டு உடம்பு வலித்தால் அது களைப்பு. மதுரை பஸ்ஸில் ஏறி உச்சிப்புளி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவது, கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதோ ஜும்ஆ பயான் கேட்கும்போதோ கண் மூடிக்கொள்வது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொருகுவது, இவை தூக்கம். சும்மா உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் சில சின்ன அடையாளங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி, வாய் காய்ந்து போவது, காரணமில்லாத எரிச்சல், மறதி. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவது. இதைச் சர்க்கரை என்றே எல்லோரும் நினைப்பார்கள், சர்க்கரையாலும் வரும்தான், ஆனால் மூச்சு அடைபட்டு நெஞ்சுக்குள் இழுப்பு அதிகமாகும்போது இதயம் ஒரு ஹார்மோனை விட்டு சிறுநீரை அதிகமாக்குகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் இப்படி என்றால் இந்தப் பக்கமும் யோசியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இரண்டு மூன்று வகை மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் குறட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

[காட்சி: தாளில் எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றாக டிக் விழ வேண்டும்.]

மருத்துவர்கள் பயன்படுத்துகிற ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது, ஸ்டாப் பேங் என்று பெயர். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் யாருக்கு இந்த ஆபத்து இருக்கிறது என்று சலித்துப் பார்க்க கனடாவின் டொராண்டோவில் மயக்க மருந்து மருத்துவர்கள் உருவாக்கி 2008-இல் வெளியிட்டார்கள். எட்டுக் கேள்வி: கதவு மூடியிருந்தாலும் வெளியே கேட்கிற குறட்டையா, பகலில் அடிக்கடி சோர்வா தூக்கமா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் இருக்கிறதா, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 35-க்கு மேலா, வயது 50-க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. ஆம் என்றால் ஒரு மதிப்பெண். 2 வரை ஆபத்து குறைவு, 3, 4 நடுத்தரம், 5-உம் அதற்கு மேலும் அதிகம்.

மாமாவுக்குப் போட்டோம். எடை 72 கிலோ, கழுத்து 39. இரண்டுக்கும் இல்லை. மீதி ஆறுக்கும் ஆம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், "குண்டாக இருக்கிறவர்களுக்குத்தானே வரும்" என்றுதான் எங்கள் வீட்டிலும் முதலில் சொன்னார்கள். ஐந்தடி ஐந்தங்குல ஆளுக்கு குறியீடு 35 என்றால் கிட்டத்தட்ட 95 கிலோ, அதற்கு ரொம்பக் கீழே இருக்கும்போதே ஆசிய மக்களுக்கு இந்த நோய் வருகிறது.

இந்தப் பட்டியலில் பெண்களுக்கு ஒரு மதிப்பெண் எடுத்த எடுப்பிலேயே குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து ஏறுகிறது. பாசி எடுக்கப் போகிற அக்காமார் "எந்நேரமும் அசதி, ராத்திரி தூக்கமே வரல" என்றால் ரத்தசோகை, தைராய்டு பார்ப்பது சரிதான், அதோடு நிறுத்தாமல் குறட்டையையும் கேட்க வேண்டும். அவர்கள் குறட்டை விடுவதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், வீட்டுக்காரரும் பல நேரம் கவனித்திருக்க மாட்டார். குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பகலில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், இது தூங்கும்போது மட்டும் வருகிற சிக்கல். கைக்கடிகாரம் காட்டுவதும் ஒரு துப்புதான். உறுதியாகச் சொல்வது தூக்கப் பரிசோதனை மட்டுமே, ஒரு ராத்திரி மூச்சு, ஆக்சிஜன், நெஞ்சசைவு எல்லாம் பதிவாகும். மருத்துவமனையில் படுத்தும் எடுக்கலாம், பலருக்கு வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்குகிற சின்னக் கருவியே போதும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ முதலில் பாருங்கள், பரிசோதனை எங்கே எடுக்கலாம் என்று வழிகாட்டுவார்கள்.

அதுவரை இரண்டு விஷயம். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மீன் வண்டி ஓட்டுகிறவர்கள், வீல் பிடிக்கிறவர்கள், பகலில் சொருகுகிறது என்றால் ராத்திரியில் தனியாக ஓட்டாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண் அசர ஒரு நொடி போதும். கடலில் எல்லைக்குப் பக்கத்தில் டிரைவர் அசந்தால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: மேசையில் சிபாப் கருவி, பக்கத்தில் முகமூடி.]

மாமாவுக்கு மணிக்கு 41 வந்தது. சிபாப் கொடுத்தார்கள், மூக்கில் மாட்டுகிற முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை ஒட்டாமல் வைக்கிற கருவி, ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை. முதல் வாரம் கழற்றிக் கழற்றி எறிந்தார். முகமூடி அளவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. அதில் ஈரப்பதத்துக்கு ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்க வேண்டும், நம் ஊர் உப்புத் தண்ணீரை ஊற்றினால் படிந்துவிடும். லேசாக இருப்பவர்களுக்கு எடை குறைப்பதும் பக்கவாட்டில் படுப்பதும் தாடையை முன்னால் இழுக்கும் பல் கருவியும் உதவலாம், அதை மருத்துவர் முடிவு செய்வார்.

மருத்துவரிடம் போகும்போது ஒலிப்பதிவையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிப் போங்கள். மாமா உள்ளே போய் உட்கார்ந்ததும் "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், நல்லாத்தான் தூங்குறேன்" என்றார். டாக்டர் நாற்காலியை அத்தை பக்கம் திருப்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.