இறங்கும்போதுதான் முட்டி பேசுகிறது

வணக்கம். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைமுனைக்கு இறங்கும் பாதையில், பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் பள்ளத்தாக்கைக் காட்டலாம் என்று வந்தேன், மூடுபனி விடவில்லை. ஆகவே இன்றைக்கு என் வலது முட்டியைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

நீங்களும் காலை நீட்டி உட்காருங்கள். தொடையைத் தளரவிட்டு, முழங்கால் சில்லை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். வழுக்குகிறதா? இப்போது தொடையை இறுக்குங்கள். சில்லு அசையாது. தொடையின் முன்பக்கத் தசை சில்லை மேலே இழுத்துப் பிடித்துவிட்டது. அந்தத் தசைநார் சில்லைத் தாண்டிக் கீழ்க்காலின் பெரிய எலும்பில் போய் ஒட்டுகிறது. சில்லு வெறும் மூடி இல்லை. நாரை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, இழுப்புக்கு நெம்புகோலின் பலத்தைக் கொடுக்கிறது.

மேலே ஏறும்போது அந்தத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். மடங்கிய முட்டியில் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. இந்தப் பாதையில் மர வேர்கள்தான் படிக்கட்டு, ஒவ்வொன்றும் முக்கால் அடி பள்ளம். சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பு நம் உடலிலேயே மிகத் தடிமனானவற்றுள் ஒன்று என்பதில் வியப்பில்லை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுத் திரவத்திலிருந்தே சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வலிப்பது அதைச் சுற்றியிருக்கும் திசுக்களும் அடியிலுள்ள எலும்பும்தான்.

பிறந்த குழந்தைக்குச் சில்லு முழுக்கக் குருத்தெலும்புதான். எலும்பாக மாறத் தொடங்கவே பெரும்பாலும் மூன்று வயதாகிவிடும். வளர்ந்தவர்களின் 206 எலும்புகளில் இவ்வளவு தாமதமாக வருபவை சில உண்டு.

பள்ளியில் முழங்காலைக் 'கீல் மூட்டு' என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். முட்டியை மடக்கிப் பாதத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள், கீழ்க்கால் கொஞ்சம் சுழலும். எந்தக் கதவுக் கீல் அப்படிச் செய்யும்?

சற்று முன் தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி மேலே போனார். என்னைப் பார்த்து நின்று, "தம்பி, எட்டி வைக்காதே. குட்டி அடியாக வை, குச்சி ஊன்றிக்கொள்" என்றார். முட்டி அதிகம் மடங்காமல் இறங்கினால் சில்லின் மேல் அழுத்தம் குறையும். பாட்டி சொன்னது அதுதான்.

குச்சி கிடைத்துவிட்டது. ஒரு கை அதற்கு, இன்னொரு கை வேரைப் பிடிக்க. கேமராவை அணைக்கிறேன்.