சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம்

வணக்கம் நேயர்களே. கார் ஸ்டார்ட் ஆகும்போது புதிதாக ஒரு சத்தம் வந்தால் எல்லாரும் அது எப்படி இருந்தது என்றுதான் சொல்வார்கள், சிலர் வாயாலேயே செய்தும் காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது அது எப்போது வந்தது என்று. சாவியைத் திருப்பி எஞ்சின் சுற்றுவதற்கு முன்னாலா, செல்ஃப் எடுக்கும்போதா, எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், தேவையில்லாமல் பாகம் மாற்றுகிற செலவும் மிச்சம்.

சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பயம் வேண்டாம், அது டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப்.

செல்ஃப் அடிக்கும்போது 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டு எஞ்சின் சுற்றவே இல்லையா? எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்டர் மோட்டாரின் சோலனாய்டு, அதாவது மின்காந்த சுவிட்ச், இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, அதனால் விட்டுவிடுகிறது, திரும்ப இழுக்கிறது. பெரும்பாலும் பேட்டரி பக்கத்துக் கோளாறுதான். ராத்திரி முழுக்க நின்ற காரில் மீட்டர் வைத்துப் பார்த்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் புதுசு வாங்க ஓடுவதற்கு முன் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ வெள்ளையாகப் பொடி பூத்திருந்தாலோ, கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல நேரம் வண்டி எழுந்துவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

ஒரே ஒரு 'டக்', அப்புறம் மௌனம், லைட்டும் மங்கவில்லை என்றால் சோலனாய்டு காண்டாக்ட்டையோ மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்துகிற கார்பன் பிரஷ்ஷையோ பார்க்கச் சொல்லுங்கள்.

'கர்ர்ர்' என்று இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டார்டரின் சின்னப் பல்சக்கரம், எஞ்சினோடு சுற்றுகிற ஃப்ளைவீல் சக்கரத்தின் விளிம்புப் பற்களில், அதாவது ரிங் கியரில், சரியாகக் கடிக்கவில்லை. ஸ்டார்டரை மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் சின்ன வேலை, ரிங் கியர் பல் போனாலோ கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும்போது அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில நிலைகளிலேயே வந்து நிற்கும் என்பதால் அந்த இடத்துப் பற்கள்தான் அதிகம் தேயும். ஒரு நாள் சத்தம் வந்து மறுநாள் வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் சத்தத்துக்கு வருகிறேன். காலையில் முதல் ஸ்டார்ட், எஞ்சின் பிடித்ததும் இரண்டு மூன்று நொடி 'கடகட', பிறகு சுத்தமாக அடங்கிவிடுகிறது. அடங்கிவிடுவதால்தான் பலரும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடும். ஃபில்டரில் இருக்கிற ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. அது இறுகிப்போனால் காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பி, அதன்பிறகுதான் மேலே ஆயில் ஏற்றும். பல எஞ்சின்களில் வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கிற டைமிங் செயினை, டென்ஷனர் என்கிற பாகம் ஆயில் அழுத்தத்தால்தான் இறுக்கிப் பிடிக்கிறது, அழுத்தம் வரும்வரை தொய்ந்த செயின், அதை வழியில் தாங்குகிற கைடில் அடிக்கும்.

இதற்கு முதலில் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள், அளவு குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். ஃபில்டரை நல்ல தரத்தில் மாற்றுங்கள், விலை மலிவு என்று கிடைப்பதை மாட்ட வேண்டாம். அதற்கும் சத்தம் நிற்கவில்லை, அல்லது நாளுக்கு நாள் நீள்கிறது என்றால் செயினையும் டென்ஷனரையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். வண்டியின் கோளாறு கோடைப் படிக்கிற ஸ்கேனரில் பி0016 என்று வந்தால், பிஸ்டன்களோடு சுற்றுகிற கிராங்க்கும் வால்வுகளைத் திறக்கிற கேமும் ஒத்துப்போகவில்லை என்று வண்டியே சொல்கிறது, செயின் நீண்டுவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். செயின் பல் தாண்டினால் நிறைய எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் 'கீச்' என்றால் பெல்ட். மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்ப பெல்ட்டை இழுக்கிற நேரம் அது, அதனால் வழுக்குகிறது. ஸ்ப்ரே எல்லாம் அடித்துச் சமாளிக்காமல் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் பாருங்கள். ஆழத்திலிருந்து 'டொம் டொம்' என்று இடி வந்து ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வேகமெடுத்தால் உடனே அணைத்துவிடுங்கள், கிராங்க் பேரிங் போயிருக்கலாம். ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துப் போவதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், மெக்கானிக்குக் காலைச் சத்தம் கேட்கவே கேட்காது. பானெட்டைத் திறந்துவைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, பெல்ட்டிலிருந்து கையும் துணியும் தள்ளியிருக்க போனில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே அங்கே விட்டுவிட்டு, 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.