கேஸ் ஷீட்டில் ஒரு சிவப்பு வட்டம்

செவிலியர் பயிற்சி முடித்து வார்டுகளுக்குச் செல்லவிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் கேஸ் ஷீட் மூலையில் சிவப்பு மையால் வட்டம் போடச் சொன்னார்கள், போட்டேன். எங்கள் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றே நம்பினேன். அந்த வட்டத்தைத் துப்புரவுப் பணியாளர் பார்த்தார். சாப்பாடு கொண்டுவந்தவர் பார்த்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த உறவினரும் பார்த்தார். பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் கட்டில் அன்று மாலைக்குள் வராந்தாவுக்குப் போனது. பேரக்குழந்தையைப் பார்க்க வந்த மாமியார், யாரோ காதில் சொன்னதைக் கேட்டு, குழந்தையைக் கையில் வாங்காமலே திரும்பிப் போனார். அந்தச் செய்தியை வெளியே விட்டது என் பேனா. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அந்த வட்டம் எங்களையாவது காத்ததா என்றால், அதுவும் இல்லை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம். ஆகவே வட்டமில்லாத கேஸ் ஷீட்டை நம்பி வெறுங்கையால் ரத்தத்தைத் தொடுவதே பெரிய ஆபத்து. எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால் ஏறத்தாழ மூவருக்குத்தான் தொற்றும். தடுப்பூசி போடாதவர்களுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். அதனால்தான் எல்லா நோயாளிகளிடமும் ஒரே முன்னெச்சரிக்கை வேண்டும் என்கிறோம்.

உங்கள் அச்சத்தை நான் பழிக்கவில்லை. இரவுப் பணியில் கையுறை தீர்ந்துபோன வார்டில் அச்சம் தானே வளரும். ஆகவே கையுறையைக் கேட்டுப் பெறுங்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே, தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. 2004இல் அரசு, வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. அம்மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட அது பரவுவதில்லை. நோய் இவ்வளவு மாறிய பின்னும் அறுவைப் பட்டியலில் எச்.ஐ.வி. உள்ளவரின் பெயர் கடைசியில் எழுதப்படுவதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், தொற்று நிலையை வெளியிடுவதையும், சிகிச்சை மறுப்பதையும் தடுக்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பணியில் சேரும் முதல் நாளே அவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரை வார்டின் சுவரில், நோயாளியின் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.