கூடத்துக்கு மூன்று சாவி

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர்ப் பொதுக்கூடத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கட்டடம் இல்லை, ஒரு வேப்பமரம்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்குப் பொதுவென்று இருந்தது ஓடு வேய்ந்த ஒரு சாவடி. அதற்குள் மரப்பெட்டியில் பஞ்சாயத்து ரேடியோ, வெளியே மூங்கிலில் கட்டிய புனல் ஒலிபெருக்கி. சாயங்காலம் திருச்சி நிலையத்தைத் திருப்பி வைப்பார்கள். எங்கள் பக்கம் ஏடிடி-27 என்ற நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்துவிட்டது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1960-களில் அந்தப் புது ரகத்தை எப்படி நாற்று விடுவது, எப்போது உரம் போடுவது என்று திருச்சி வானொலி சொல்லச் சொல்லக் கேட்டு நட்டவர்கள் தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள். அப்படிக் கேட்டவர்களில் குடியானத் தெருக்காரர்கள் சாவடித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள், அந்த நெல்லை உண்மையில் சேற்றில் இறங்கி நட்டவர்கள், வேப்பமரத்தடியில் நின்று கேட்பார்கள். மழை பெய்தாலும் அங்கேயேதான். குரல் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி போகும். எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சரி, பழைய கதைக்குப் போவோம். பொதுவிடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர் பாருங்கள். மன்றம், பொதியில், அம்பலம், சாவடி, மந்தை. சங்கப் பாட்டில் வரும் பொதியிலில் வழிப்போக்கர்கள் வந்து தங்குகிறார்கள். அம்பலம் என்றால் எல்லோரும் பார்க்கிற இடம். ஒரு ரகசியம் வெளியே வந்துவிட்டால் அம்பலமாகிவிட்டது என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான். நாலு பேர் பார்க்க நடக்க வேண்டிய காரியத்துக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு ரொம்பக் காலமாகவே தெரிந்திருக்கிறது.

அப்படி ஓர் இடத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் உத்திரமேரூருக்குப் போங்கள். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இன்று அதை வைகுண்டப் பெருமாள் கோயில் என்கிறார்கள். ஆனால் அந்த மண்டபம் ஊர்ச் சபை கூடிய இடம். அடித்தளக் கருங்கல்லில் வரிவரியாக எழுத்து. ஊர்ச் சபை தனக்குத் தானே எழுதிக்கொண்ட சட்டத்தைத் தான் கூடும் கட்டடத்திலேயே வெட்டி வைத்திருக்கிறது. கி.பி. 919-ல், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் ஒரு முறை விதி எழுதுகிறார்கள். அது போதவில்லை என்று இரண்டே ஆண்டில், 921-ல், இன்னும் விரிவாகத் திருத்தி எழுதுகிறார்கள். முதல் விதியில் வாரியத்துக்கு, அதாவது ஊர்க் காரியம் பார்க்கிற குழுவுக்கு, வருகிறவனுக்கு வயது 30 முதல் 60. திருத்தியதில் 35 முதல் 70. செய்து பார்த்து, சரிவரவில்லை என்று மாற்றியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குடவோலை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊர் 30 குடும்பாகப் பிரிந்திருந்தது, குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். இது தெரிந்ததுதான். ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிற விதம் இருக்கிறதே, அதை நான் நின்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரையும் கூட்ட வேண்டும். ஊரில் அன்றைக்கு இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்கிறவர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையில் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன்தான் உள்ளே கைவிட்டு எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். ஏன் என்று யோசியுங்கள், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது! அப்புறம் அவன் படித்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கிற நம்பிமார் எல்லோரும் அந்த ஓலையை வாங்கி ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயரை எழுதுவார்கள்.

இப்படி வந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். நடுவில் தப்பு செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கம். கணக்கு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள், கூடப் பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மருமகன் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக வெளியே நிறுத்துகிறது அந்தக் கல். பினாமி என்ற சொல் இல்லாத காலத்திலேயே பினாமியைத் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே கல்லில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும். எங்கள் பக்கக் கணக்கில் கால் வேலி என்றால் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது விளக்க உரையும், ஓதிச் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும், அவ்வளவுதான் சலுகை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த நிலத்தை உழுதவனுக்கோ, அந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தவனுக்கோ, எந்தப் பெண்ணுக்குமோ குடத்தில் ஓலை இல்லை. மற்ற ஊர்களில் இருந்த ஊரார் சபையும் நிலம் உள்ளவர்கள் சபைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று இடங்களே குறிக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கு ஆயிரம் வருஷ வயது என்று எனக்குப் புரிந்தது அங்கே நின்றபோதுதான்.

எங்கள் சாவடி 1970-களின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் ஒரு பக்கம் சரிந்தது, பிறகு யாரும் எடுத்துக் கட்டவில்லை. புதிதாக ஒரு சமுதாயக் கூடம் வந்தது 1989-ல் வந்த ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில். பஞ்சாயத்துக்கு நேரடியாகக் காசு வந்த திட்டம் அது. பணம் போதாமல் ஆற்று மணலை வீட்டுக்கு ஒரு வண்டி என்று ஊரே கொடுத்தது. சேரியும் சேர்த்து ஊரின் மூன்று தெருப் பெண்களும் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றித்தான் சுவர் நனைந்தது. காங்கிரீட் தளம் போட்ட அன்று இரவு தூங்காமல் காவல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

கட்டி முடித்த பிறகுதான் சண்டை. காலனியிலிருந்து, முன்பு சேரி என்றார்களே அங்கிருந்து, ஒரு கல்யாணத்துக்குக் கூடம் கேட்டார்கள். சாவி இல்லை என்றார்கள் முதலில். அப்புறம் பாத்திரம் கொடுக்க மாட்டோம் என்றார்கள். தண்ணீர் சுமந்தபோது யாரும் யார் குடம் என்று பார்க்கவில்லை, ஆனால் பந்தி என்றதும் பார்த்தார்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அந்தக் கல்யாணம் காலனியிலேயே பந்தல் போட்டு நடந்தது. தமிழ்நாட்டில் எவ்வளவோ ஊரில் இப்படி. மதுரை மாவட்டத்துப் பஞ்சாயத்துகள் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருஷம் தேர்தல் முறையாக நடக்க முடியாமல் கிடந்து, 2006 அக்டோபரில்தான் நடந்தது. நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் இருக்கிற கோபமும், கூடத்துக்குள் யார் நுழைவது என்பதில் இருக்கிற கோபமும் ஒரே வேரிலிருந்து வருபவை.

எங்கள் கூடம் கொஞ்ச வருஷம் சிமெண்ட் மூட்டையும் தேர்தல் தட்டிகளும் அடைக்கிற இடமாகப் பூட்டியே கிடந்தது. அதைத் திறந்தது கஜா புயல். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கரையைக் கடந்தது. முந்தின இரவு காற்று ஊளையிட ஆரம்பித்ததும் கூரை வீட்டு ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சாவி யாரிடம் என்று தேட நேரமில்லை, இரண்டு பையன்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். மூன்று தெருவும் உள்ளே. தென்னை முறிகிற சத்தம் வெடி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு மரம் எங்கள் தலைக்கு மேலேயே தளத்தில் விழுந்தது. விடிந்து பார்த்தால் வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. அத்தனை நாளும் கூடத்தின் பின்புறம் ஒரே அடுப்பு, ஒரே குண்டான் சோறு. அந்தச் சோற்றை வடித்தவர்கள் காலனிப் பெண்களும் குடியானத் தெருப் பெண்களும் சேர்ந்து.

அடுத்த தை மாதம் கூடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கியபோது மூன்று சாவி போட்டார்கள், தெருவுக்கு ஒன்று. பெரிய கூட்டம் போட்டுத் தீர்மானம் எல்லாம் இல்லை, பூட்டு வாங்கப் போன பையன்களே அப்படி வாங்கி வந்தார்கள். அந்த வைகாசியில் காலனிப் பெண் ஒருத்தியின் கல்யாணம் அங்கே நடந்தது. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், வராத வீடுகள் இருந்தன, இன்னமும் இருக்கின்றன.

கிராம சபைக் கூட்டம் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் ஊரில் அது அந்தக் கூடத்தில்தான் நடக்கிறது. தென்னை விழுந்த இடத்தில் தளம் விரிசல் விட்டு மழைக்கு ஒழுகுகிறது, போன கூட்டத்தில் பெண்கள்தான் அதை விடாமல் கேட்டார்கள். ஒழுகலை அடைக்கப் பஞ்சாயத்தில் பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வரவு செலவுத் தாளை எடுத்தார்கள். எழுத்து பொடியாக இருந்தது, எனக்கும் கண் தெரியவில்லை. ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினோம். அவள் வரி வரியாகச் சத்தம் போட்டுப் படித்தாள், தெருவிளக்குக்கு இவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு என்று. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, காலனிக்காரர், மோட்டார் ரிப்பேரை மறுபடியும் படி என்றார். அவள் மறுபடியும் படித்தாள்.

நன்றி. வணக்கம்.