கும்பகோணம் மாடியில் ரெண்டு வால்வு ஆம்ப், பிளக்கில் 190 வோல்ட்

வணக்கம் மக்களே. முதலில் ஒரு புலம்பல், அப்புறம்தான் ஆம்ப் (எலக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி; இந்த ரெண்டும் கண்ணாடிக் குழாய் மாதிரியான வால்வுகளில் ஓடுபவை). தஞ்சாவூரிலிருந்து இங்கே 40 கிலோமீட்டர்தான். ஒரு மார்ஷல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி), நாலு ஸ்பீக்கர் போட்ட ஒரு கேபினட், இதை ஏற்றிவர குட்டி யானைக்காரர் 1,800 ரூபாய் கேட்டார். "அண்ணே, நெல் மூட்டையா ஏத்துறோம், ரெண்டே பெட்டிதானே" என்றேன். "மூட்டைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன் தம்பி. உள்ள கண்ணாடி இருக்கு, கண்ணாடி இருக்குன்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருக்கீங்க, அதுக்குத்தான் காசு" என்றார். 1,500-க்கு முடிந்தது. பாபநாசத்தில் டீயும் என் கணக்கு.

அந்த மார்ஷல் ஜேசிஎம்800, 2203 மாடல், 100 வாட்ஸ். தஞ்சாவூர் நண்பருடையது. பக்கத்தில் இருக்கும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 22 வாட்ஸ், பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் நம்ம பேஸ் பிளேயர் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே அறையில் மாட்டினால் விடுவேனா?

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எனக்கு உடையாத சுத்தமான சத்தம், அதாவது க்ளீன் டோன் என்றால் உயிர், சத்தத்தை உடைத்துக் கரகரக்க வைக்கும் கெயின் குமிழை முழுசாகத் திருகி வாசிப்பவர்களைக் கண்டால் எரிச்சல். அதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

க்ளீனுக்கு டீலக்ஸ்தான், பேச்சே இல்லை. வால்யூம் மூன்றில் வைத்து ஆர்பெஜியோ (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக) வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக நிற்கிறது. இதில் மிட் குமிழே கிடையாது, ட்ரெபிளும் பேஸும் மட்டும்தான். அந்த நடுப்பகுதி இயல்பாகவே கொஞ்சம் குழிந்திருப்பதால் மெல்லிசைக் கச்சேரியில் பாடுபவர் குரலோடு கிட்டார் முட்டாது. நாலைத் தாண்டினால் லேசாக உடையத் தொடங்கும். ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபயரும் வால்வு என்பதால், ஓங்கி மீட்டும்போது சப்ளை ஒரு கணம் தளர்ந்துவிட்டு மறுபடி சுதாரிக்கிறது. நோட்டு முதலில் அமுங்கி, பிறகு மலர்கிறது. விரலுக்கு அது தெரியும்.

மார்ஷலில் ரெக்டிஃபயர் டயோடு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள் நாலு இஎல்34. அந்தத் தளர்ச்சி இல்லை. ஹை இன்புட்டில் செருகி ஒரு பவர் கார்டு (ரெண்டு ஸ்வரம் மட்டும் சேர்ந்த கிட்டார் கார்டு) அடித்தால், தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிற மாதிரி வெடுக்கென்று வருகிறது. கெயின் பிடிக்காத நானே சிரித்துவிட்டேன். ஆனால் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை ஒன்றில் வைத்தால் சத்தம் மெலிந்து கரகரக்கிறது, ஏனென்றால் முதல் கட்டத்தில் இருக்கும் ப்ரீ-ஆம்ப் வால்வுகள் மட்டும்தான் உடைகின்றன. பவர் வால்வும் ஸ்பீக்கரும் வேலைக்கே வரவில்லை. அவை வருவதற்கு மாஸ்டர் குறைந்தது நாலில் இருக்க வேண்டும். நாலில் ஜன்னல் அதிர்ந்தது. அம்மா மாடியேறி வந்து, "எதிர்வீட்டுல கைப்புள்ள தூங்குதுடா" என்றதோடு காலை மார்ஷல் பரிசோதனை முடிந்தது.

வாட்ஸ் பற்றிக் கேட்பீர்கள். 100-க்கும் 22-க்கும் வித்தியாசம் ஆறரை டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும். அதாவது டீலக்ஸ் ஒன்றும் குட்டிப் பையன் இல்லை.

அட, முக்கியமானதைச் சொல்லவே இல்லையே! இதெல்லாம் காலையில், பிளக்கில் 230 வோல்ட் இருந்தபோது. சாயங்காலம், குறுவைக்குச் சுற்றிலும் போர் மோட்டார் ஓடும் நேரத்தில், மல்டிமீட்டர் 190 காட்டியது. டீலக்ஸ் அதே மூன்றில் தொளதொளத்துப் போனது, க்ளீனே காணோம். மார்ஷலோ நேர் எதிர், முரட்டுத்தனம் குறைந்து இனித்தது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து வேண்டுமென்றே மார்ஷலுக்கு வோல்டேஜைக் குறைத்து வாசித்தவர். அவர் காசு போட்டுச் செய்ததை நமக்கு ஊர் இலவசமாகக் கொடுக்கிறது.

அதற்காக அப்படியே ஓட்டாதீர்கள். 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிக்கு அப்போது 5.2 அளவுதான் போகும். தினமும் அப்படியென்றால் வால்வுக்கு ஆகாது. வோல்டேஜை நிலையாக வைக்க ஸ்டெபிலைசர் வேண்டும். ஆனால் படிப்படியாகத் தாவும் ரிலே ஸ்டெபிலைசர் மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தாவாமல் சீராக மாற்றும் சர்வோ ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

இன்னொன்று. சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஆம்ப் கொண்டுவந்தால் முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம்ம பிளக்கில் செருகவே கூடாது. ஃபியூஸோடு போனால் உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, திருவிழா மேடைக்கு எது? டீலக்ஸும், சத்தத்தை உடைத்துத் தரும் ஒரு ஓவர்டிரைவ் பெடலும். டீலக்ஸில் நார்மல், வைப்ரேட்டோ என்று ரெண்டு சேனல்; பெடலை நார்மலில் செருகுங்கள்; வைப்ரேட்டோ சேனலில் பெடல் கீச்சிடுகிறது. நார்மலில் ரிவெர்ப் (எதிரொலி மாதிரியான எஃபெக்ட்) வராதுதான், கோயில் வாசல் மேடையில் யாருக்கு ரிவெர்ப் வேண்டும்? வால்யூம் மூன்றரை, ட்ரெபிள் ஐந்து, பேஸ் மூன்று. பெடலில் டிரைவைப் பாதிக்கு மேல் ஏற்றுபவர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம்.