சுக்கான் விளிம்புக் குழாயை வளைப்பது எப்படி?

[திரையில்: வளைந்த விளிம்போடு ஒரு சுக்கான் சட்டகம்]

வணக்கம். சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்தின் வாலில் கண்ணில் படும் அழகு, இடம் வலம் திருப்பும் சுக்கானின் இந்த விளிம்பு வளைவுதான். குழாய் 4130 குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு; நார்மலைஸ் செய்தது, அதாவது சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டது. வெளிவிட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. சுவர் 0.035 அங்குலம், 0.9 மி.மீ.கூட இல்லை. அதனால்தான் அவசரப்பட்டால் மடங்கிவிடுகிறது.

சிங்கப்பூர் ஜாலான் புசார் வன்பொருள் கடையில் ஒரு பெண்டர், அதாவது குழாய் வளைக்கும் கருவி, வாங்கினால் போதாதா? 15 மி.மீ. செப்புக் குழாய்க்கான பெண்டரில் இது உட்காராது. ஏர்கான் பெண்டரில் 5/8 அளவு கச்சிதமாக உட்காரும், ஆனால் அது மென்செம்புக்கானது. வளைவும் நமக்கு வேண்டியதைவிட மிகச் சிறியது. குழாயை வைத்து வளைக்கும் அச்சை நாமே செய்துகொள்வதே நல்லது.

[திரையில்: பிளைவுட் அச்சின் விளிம்பு, மிக அருகில்]

18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, வளைவை வெட்டுங்கள். விளிம்பில் 16 மி.மீ. உருண்டை ரூட்டர் பிட்டால் 8 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் இழையுங்கள். குழாய் பக்கவாட்டில் பிதுங்கித்தான் தட்டையாகும். பள்ளத்தின் சுவர்கள் அதைத் தடுக்கும். பாதி ஆழம் என்பதால் பிளைவுட் விளிம்பும் குழாயின் மையக்கோடும் ஒன்றே. அளவெடுப்பது சுலபம்.

இப்போது முக்கியமான விஷயம். வரைபடத்தில் உள்ள ஆரத்துக்கே அச்சை வெட்டாதீர்கள். கையை எடுத்ததும் 4130 திமிறித் திரும்பும். 150 மி.மீ. ஆர அச்சில் வளைத்தால் கணக்குப்படி 160 மி.மீ. அளவுக்கு விரியும். 300 மி.மீ. என்றால் ஏறக்குறைய 340! வளைவு அகலமாக அகலமாக விரிவும் கூடும். அதே கட்டுக் குழாயின் துண்டு ஒன்றை முதலில் வளைத்துப் பார்த்து, அதற்கேற்ப அச்சைத் திருத்துங்கள்.

குழாயில் மணல் நிரப்ப வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மூட்டை மணல் நமுத்தே இருக்கும். கட்டி சேர்ந்தால் உள்ளே வெற்றிடம் விழும், அங்கேதான் குழாய் சுருங்கும். வாணலியில் வறுத்து, சலித்து, ஆறவைத்து, குழாயை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடையுங்கள்.

150 மி.மீ. ஆரத்தில் 90 பாகைக்கு 236 மி.மீ. குழாய் செலவாகும். இரு பக்கமும் பிடிமானத்துக்குத் தாராளமாக விட்டு, வளைத்த பிறகே நீளத்துக்கு அறுங்கள். சூடு வேண்டாம். ஒரே சீராக, நிறுத்தாமல் இழுங்கள்.

[திரையில்: சமதள மேசையில் குழாய்]

மேசையில் வைத்தால் எந்த முனையும் எழும்பக் கூடாது. எழும்பினால் முறுக்கு விழுந்திருக்கிறது, சுக்கானும் முறுக்கிக்கொள்ளும். உள்வளைவில் விரலை ஓட்டுங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் சுத்தியலால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது வலுவிழந்த இடம். புதுக் குழாய் எடுங்கள்.

மணலை முழுவதும் கொட்டி, பஞ்சால் துடைத்து, அசிட்டோனால் கழுவுங்கள். மிச்ச மணல் வெல்டைக் கெடுக்கும், வாலில் எடையும் கூட்டும். உடனே வெல்டிங்குக்குப் போகவில்லையா? மெல்லிய எண்ணெய் தடவி முனைகளை மூடி வையுங்கள். வெல்டிங்குக்கு முன் அசிட்டோனால் துடைத்தெடுக்க மறக்காதீர்கள்.